ஏழை நோயாளியும் மாணவச் செவிலியரும்: மறுபடி மறுபடி நடக்கும் தவறுகள்

ஒவ்வொரு வருடமும் வார்டுக்குப் புது மாணவர்கள் வருகிறார்கள். முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகளை, அதே நல்ல எண்ணத்தோடு, அதே வரிசையில் செய்கிறார்கள். மேற்பார்வை பார்க்கிற எனக்கு அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

முகம் சுளிப்பது, அதட்டுவது, காத்திருக்க வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் செய்கிறவருக்கே அது தவறு என்று தெரியும். இரக்க குணம் உள்ள, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஏழை நோயாளிகளிடம் செய்கிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

வறுமையில் இருப்பவர்களைப் பற்றிய மனப்பான்மையை அளக்க அளவுகோல்களே இருக்கின்றன. 1993-இல் ஆதர்டனும் உடன் ஆய்வாளர்களும் 37 வாக்கியங்கள் கொண்ட ஒன்றை உருவாக்கினார்கள். 2010-இல் யுன், வீவர் இருவரும் அதை 21 வாக்கியங்களாகச் சுருக்கினார்கள். ஏழைகளிடமே குறை இருக்கிறது என்று நினைக்கிறாரா, அவர்களை இழிவாகப் பார்க்கிறாரா, சமூக அமைப்பைக் காரணமாகப் பார்க்கிறாரா என்று மூன்று பக்கமாக அது அளக்கிறது. செவிலியர் மாணவர்களிடமும் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. நான் பார்த்தவரை மாணவர்கள் இந்த மாதிரித் தாள்களில் நன்றாகவே எழுதுவார்கள். எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்று ஊகிக்கத் தெரியாதவர்களா அவர்கள்? தாளில் சரியான கட்டத்தில் டிக் அடித்த அதே கை, கொஞ்ச நேரம் கழித்துக் கேஸ் ஷீட்டில் வேறு மாதிரி எழுதும். அதற்குத்தான் வருகிறேன்.

“ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிவிட்டுப் போவது

இத்தனை காலம் கழித்தும் என்னை எரிச்சல்படுத்துகிற தவறு இது ஒன்றுதான்.

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இரவில் உட்கார்ந்தே தூங்குகிற நிலையில் வந்து சேர்ந்தார். சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ஃப்ரூஸமைடு மருந்தை ஊசி வழியாகக் கொடுத்ததும் நீர் பிரிந்து, இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. வீட்டில் காலையில் போடச் சொல்லிக் கொடுத்திருந்ததும் அதே மருந்துதான், மாத்திரையாக. “ஒழுங்கா போட்டீங்களா?” என்று மாணவி கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சில நாள் விட்டுப்போகும் சிஸ்டர்” என்றார். மாணவி எழுதினாள்: “நோயாளி மருந்து விஷயத்தில் ஒத்துழைப்பதில்லை. நோயைப் பற்றி அக்கறை இல்லை.”

முதல் வாக்கியத்தையாவது மன்னித்துவிடலாம். இரண்டாவது எங்கிருந்து வந்தது? அந்த அம்மா சொன்னது நான்கு வார்த்தை. அதில் அக்கறை இல்லை என்று எங்கே இருக்கிறது?

அடுத்த ஷிஃப்ட்டில் அது அப்படியே பிரதியானது. ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் ஹேண்டோவரில் “இந்தம்மா மாத்திரை போடாதவங்க” என்று ஒரு வரியாகச் சுருங்கியது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு, படுக்கை ஓரம் நின்று ஒரு பிரசங்கம் செய்தார். டிஸ்சார்ஜ் அன்று டயட்டீஷியன் வந்து உப்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்தார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றார். அதே மாத்திரை, அதே காலை வேளை. சில வாரங்களில் அதே வீக்கத்தோடு மறுபடி வந்தார். இந்தத் தடவை யாரும் கேட்கக்கூட இல்லை. கேஸ் ஷீட்டிலேயே விடை இருந்ததே!

பிறகு வேறொரு பேட்ச். அதிகம் பேசாத ஒரு பையன், அந்த அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டே கேட்டான்: “வேலைக்குப் போற நாள்ல காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்கம்மா?” கேள்வி அவ்வளவுதான். அவர் சொல்லிக்கொண்டே போனார். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். கிடங்கில் பொருள்களைப் பிரித்து அடுக்குகிற வேலை, நின்றுகொண்டே. கழிப்பறைக்குப் போக மேஸ்திரியிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் போனால் முகம் சுளிப்பார், அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிடமாட்டார். “அந்த மாத்திரையைப் போட்டா அடக்க முடியலப்பா. ஒருநாள் சேலையிலேயே போயிருச்சு. அதுல இருந்து வேலை இருக்குற அன்னிக்குப் போடுறதில்ல. லீவு அன்னிக்கு மறக்காம போட்டுருவேன்.”

லீவு அன்று மறக்காமல் போடுகிறவரைத்தான் அக்கறை இல்லாதவர் என்று எழுதி வைத்திருந்தோம்.

ஃப்ரூஸமைடு மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். ஆறு மணி நேரம் வரை அதன் வேகம் இருக்கும். இது மருந்தியல் பாடம், பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். அந்த அம்மா வேலை முடிந்து பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவர். டாக்டரிடம் பேசி, மாத்திரையை அவர் வீடு திரும்பியதும் போடும்படி மாற்றியாயிற்று. தூங்கப் போவதற்குள் நீர் பிரிந்து முடிந்துவிடும். இதற்குப் புது மருந்தோ கூடுதல் செலவோ தேவைப்படவில்லை. முதல் தடவையே ஒருவர் கேட்டிருந்தால் இரண்டாவது தடவை அவர் படுக்கையில் கிடந்திருக்க வேண்டியதில்லை, அந்த நாட்களின் கூலியும் போயிருக்காது.

பிறர் செய்கிற காரியத்துக்கு அவர் குணத்தையே காரணமாகச் சொல்லி, அவருடைய சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற பழக்கம் மனிதர்கள் எல்லோருக்கும் உண்டு. லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் இதை ஓர் அடிப்படைப் பிழை என்றே குறிப்பிட்டார். நாம் மாத்திரையை மறந்தால் வேலைப்பளு, அவர் மறந்தால் பொறுப்பின்மை. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கு மருந்தை முறைப்படி எடுத்துக்கொள்வது சராசரியாக 50 சதவீதம்தான். எடுத்துக்கொள்ளாத மீதிப் பாதியில் வசதியானவர்களும் நிறையவே இருப்பார்கள். அவர்கள் கேஸ் ஷீட்டில் “அக்கறை இல்லை” என்று யாராவது எழுதி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோடுவும் உடன் ஆய்வாளர்களும், அரிவாள் அணு இரத்தசோகை (கடும் வலி தரும் ரத்த நோய்) உள்ள ஒரு கற்பனை நோயாளியைப் பற்றி இரண்டு குறிப்புகள் எழுதினார்கள். மருத்துவத் தகவல் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் நடுநிலையான மொழி, மற்றொன்றில் நோயாளியைக் குறைத்துக் காட்டும் மொழி. இரண்டாவதைப் படித்த மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் அந்த நோயாளி மேல் எரிச்சல் கூடியது. அதோடு நிற்கவில்லை, வலிக்கு மருந்து கொடுப்பதிலும் கையை இறுக்கிக்கொண்டார்கள். அவர்கள் யாரும் நோயாளியைப் பார்த்ததே இல்லை. படித்தது ஒரு குறிப்பை மட்டும்தான்.

ஆகவே என் மாணவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். “ஒத்துழைக்கவில்லை”, “அக்கறை இல்லை”, “சொன்னால் புரியாது” மூன்றையும் எழுதக்கூடாது. என்ன நடந்ததோ அதை எழுதுங்கள், அவர் சொன்ன காரணத்தை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். “வேலை நாட்களில் காலை மாத்திரையை விடுகிறார். வேலையிடத்தில் நினைத்தபோது கழிப்பறைக்குப் போக முடியவில்லை என்கிறார்.” இப்படி எழுதினால் அடுத்து படிப்பவருக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. “அக்கறை இல்லை” என்பதைப் படிப்பவர் செய்யக்கூடியது பிரசங்கம் ஒன்றுதான்.

காரணம் கேட்டும் சொல்லவில்லை என்றால்? “காரணம் சொல்லவில்லை” என்று எழுதுங்கள். அதுவும் தகவல்தான். ஆனால் உண்மையாகவே கேட்டிருக்க வேண்டும், “ஏன் போடல?” என்று போலீஸ் மாதிரி கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

“மருந்து இலவசம்தானே, அப்புறம் என்ன?”

காசநோய்ப் பிரிவில் இதைக் கேட்காத நாளில்லை. மருந்து இலவசமாக இருக்கலாம், வந்துபோவது இலவசமில்லை. பேருந்துக் கட்டணம், கூட வருகிறவரின் ஒருநாள் வேலை, தன்னுடைய ஒருநாள் கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இதைக் கணக்கிடுகிற விதம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசநோயால் ஏற்படும் மருத்துவச் செலவு, மருத்துவம் சாராத செலவு, இழந்த வருமானம் மூன்றையும் கூட்டி, அது குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குடும்பம் பேரிடர்ச் செலவில் விழுந்ததாகக் கணக்கு. பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளின்படி, காசநோயாளிகளின் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி இப்படி விழுகின்றன. மருந்துக்குக் காசு வாங்காத திட்டங்கள் இருக்கும்போதே இந்த நிலை.

வெறும் வயிற்றில் காலை ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம். முதல் பேருந்தே ஏழு மணிக்குத்தான் என்றால் அவர் எப்படி வருவார்?

உடையைப் பார்த்து எடைபோடுவது

ஆஸ்பத்திரிக்கு வரும்போது இருப்பதிலேயே நல்ல உடையைத்தான் யாரும் உடுத்துவார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

கையில் இருக்கும் போனைக் கணக்குப் பார்ப்பது

“இவ்வளவு பெரிய போன் வாங்க முடியுது, மாத்திரை வாங்க முடியலையா?” ஓய்வறையில் பேசப்படும் பேச்சு இது. சில சமயம் படுக்கை ஓரத்திலேயே காதில் விழும்.

தினக்கூலி வேலைக்கு இன்று ஆள் வேண்டும், வேண்டாம் என்ற தகவலே போனில்தான் வருகிறது. கூலி அதில்தான் விழுகிறது. பிள்ளையின் பள்ளியும் வாடகை கேட்கும் வீட்டுக்காரரும் ஏன், நம் ஓ.பி. டோக்கனும்கூட அதில்தான். போன் இல்லாவிட்டால் இருக்கிற வருமானமும் போய்விடும். தவிர, ஒரு போன் ஒரு தடவை வாங்குவது, ரத்த அழுத்த மாத்திரை ஆயுளுக்கும் வாங்குவது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது கணக்கே தெரியாத வேலை.

இதே வகைப் பேச்சுதான் “எல்லாம் அவங்க பழக்கத்தால வந்தது” என்பதும். பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வொய்ட்ஹால் ஆய்வை மைக்கேல் மார்மோட்டின் பெயரோடு பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆராயப்பட்டவர்கள் அரசு ஊழியர்கள், எல்லோருக்கும் நிரந்தர வேலை, பட்டினி கிடந்தவர் யாரும் அதில் இல்லை. அப்படியும் கடைநிலை ஊழியர்களிடம் இதய நோய் மரணம், மேல்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிக்குத்தான் விளக்கம் கிடைத்தது. பழக்கம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. பீடியை விடச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் பீடியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

பணக்காரருக்கு “நீங்க”, ஏழைக்கு “நீ”

கூடாது. வயது எதுவானாலும்.

இரக்கப்பட்டு அவருக்காக நாமே முடிவெடுப்பது

இது நல்ல பிள்ளைகள் செய்கிற தவறு. அதனால் கண்டிக்கவும் தயக்கமாக இருக்கும். “பாவம், இவங்களால இதெல்லாம் முடியாது” என்று நினைத்து, ஒரு சிகிச்சை வாய்ப்பைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

ஒரு பெரியவருக்கு இன்சுலின் தொடங்கலாமா என்ற பேச்சு வந்தபோது, “அவர் வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல மேடம், அதனால நான் அதைப் பத்திப் பேசவே இல்ல” என்றாள் ஒரு மாணவி. ஃப்ரிட்ஜ் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள் பாருங்கள், அந்த வரைக்கும் சந்தோஷம். ஆனால் அங்கேயே கதவைச் சாத்திவிட்டாள். திறக்காத இன்சுலினுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பியை, பெரும்பாலான வகைகளில், அதிக வெயிலும் சூடும் படாத இடத்தில் சுமார் 28 நாட்கள் வரை வெளியிலேயே வைத்திருக்கலாம். எத்தனை நாள், எவ்வளவு சூடு வரை என்பது அந்தந்த வகையின் துண்டுச்சீட்டில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு குப்பி மட்டும் கொடுத்தால் அவர் சமாளித்துவிடுவார். கேட்டுப் பார்த்தபோது, பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்வேன் என்று அவரே ஒரு வழியும் சொன்னார். அவர் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும், குறைந்த காசில் காலம் தள்ளுவது எப்படி என்பதில் அவர்தான் கைதேர்ந்தவர். வாய்ப்புகளை முழுதாகச் சொல்லுங்கள், முடியுமா முடியாதா என்பதை அவர் சொல்லட்டும்.

கையிலிருந்து காசு கொடுப்பதும் இந்த வகைதான். ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன நினைப்பார்? வாங்கியவர் அடுத்த முறை உங்களிடம் ஒரு புகார் சொல்ல வாய் திறப்பாரா?

டிஸ்சார்ஜ் நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வது

மாணவர்களின் அறிவுரைப் பட்டியல் நீளமாக இருக்கும், மதிப்பெண்ணுக்காக எழுதிப் பழகிய நீளம். கேட்கிறவர் மனதில் அப்போது ஓடுவது பில், திரும்பிப் போக வண்டி, விட்டுப்போன வேலை.

2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன்பும் பின்பும் சிந்தனைத் திறன் சோதனைகளை நடத்தினார்கள். அதே ஆட்கள்தான். கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் மதிப்பெண் குறைந்திருந்தது, அறுவடைக்குப் பிறகு கூடியது. ஆகவே “சொன்னால் புரியாதவர்” என்று நாம் முத்திரை குத்துகிறவர், சொன்ன நேரம் சரியில்லாதவராக இருக்கலாம்.

மிக முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் சொல்லுங்கள். மீதியை அடுத்த வருகைக்கு வையுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்வார்கள். “வீட்ல போய் இதை எப்படிச் செய்வீங்கன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்க, நான் சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கறேன்” என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

ஒருநாள் நடித்துவிட்டு எல்லாம் தெரியும் என்பது

வறுமையை ஒத்திகை பார்க்கும் பயிற்சிகள் செவிலியர் கல்வியில் பல இடங்களில் நடக்கின்றன. அமெரிக்காவின் மிசூரியிலிருந்து பரவிய வடிவத்தில், ஒரு மாதத்தை நான்கு வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்துக்கும் 15 நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் வாடகை கட்டி, வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். நல்ல பயிற்சிதான், பலர் கலங்கிப்போய் வெளியே வருகிறார்கள். ஆனால் ஒரு மணி நேரத்தில் மணி அடித்துவிடும், டீ வந்துவிடும். அதன் பிறகு சில மாணவர்கள் நோயாளியிடம், “எனக்குப் புரியுதும்மா, நானும் செஞ்சு பார்த்திருக்கேன்” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

1893-இல் லிலியன் வால்ட் என்ற செவிலியர் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கில் கிடந்த ஒரு பெண்ணை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். பிறகு அந்தப் பகுதியிலேயே குடிபோய், அங்கிருந்தே பொது சுகாதாரச் செவிலியப் பணியைக் கட்டி எழுப்பினார். எல்லோரும் குடிபோக வேண்டியதில்லை. சமூகநலப் பணிக்காக வீடுகளுக்கு அனுப்பும்போது, படிவத்தை நிரப்பிவிட்டு ஓடி வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எங்கே, மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

அமைப்புதான் காரணம் என்று சொல்லிக் கைகழுவுவது

நிறையப் படிக்கிற மாணவர்களிடம் இது வருகிறது. பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் சொன்னதை மேற்கோள் காட்டுவார்கள்: நல்ல மருத்துவம் அது அதிகம் தேவைப்படுகிற மக்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. உண்மைதான். அப்புறம் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். வறுமையை ஒழிக்கும் வேலையை யாரும் உங்கள் தலையில் கட்டவில்லை. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்பது, இரண்டு வருகையை ஒரே நாளில் சேர்த்துப் போடுவது, உதவித் திட்டத்துக்கான படிவத்தை நிரப்ப ஆள் பிடிப்பது எல்லாம் உங்கள் ஷிஃப்ட்டுக்குள் முடிகிற வேலைகள்.

இதற்கு முதலில் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளர் யார், அவர் அறை எங்கே, உள்தொலைபேசி எண் என்ன என்று தெரிய வேண்டும். போஸ்டிங் தொடங்கிய முதல் வாரத்திலேயே நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்பதையும் கேட்டு வையுங்கள், பெரும்பாலும் நம் ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்.